சேலத்தில் துணி எடுக்கும் முன்: மண்ணுக்கும் மனிதருக்கும் கேடில்லாத உடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாபேட்டைப் பக்கம் தறிச் சத்தத்தில் வளர்ந்ததால், துணி எடுக்கப் போகும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இது கைத்தறிதானா, இந்தச் சாயம் உடம்புக்கு ஆகுமா, இவ்வளவு விலை கொடுக்கலாமா என்று. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைப் பதிலோடு இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சேலம் மாவட்டத்தை மனதில் வைத்து எழுதியது. மற்ற ஊர்க்காரர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

சஸ்டைனபிள் ஃபேஷன், எத்திகல் ஃபேஷன் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

இரண்டே கேள்விகள்தான். இந்தத் துணியை உண்டாக்கியதில் மண்ணும் தண்ணீரும் எவ்வளவு கெட்டன? இதைச் செய்த கைகளுக்கு வாழ்கிற அளவுக்குக் கூலி போனதா? முதல் கேள்விக்கு நல்ல பதில் சொல்லும் துணி இரண்டாவதில் தவறலாம். ஆர்கானிக் பருத்திச் சட்டையைத் தைத்தவருக்கு மிகை நேர ஊதியம் கிடைக்காமல் போயிருக்கலாம். நல்ல கூலி கொடுத்து நெய்த சேலையின் சாயத் தண்ணீர் ஓடையில் விடப்பட்டிருக்கலாம். அதனால் இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இது வெளிநாட்டுக்காரர்கள் கவலைப்படும் விஷயம். சேலத்தில் இருக்கிற நமக்கு என்ன?

நமக்குத்தான் இது முதலில் வருகிறது. ஒரு துணியின் முழுப் பயணமும் நம் மாவட்டத்துக்குள்ளேயே நடக்கிறது. கொங்கணாபுரத்தில் பருத்தி ஏலம் நடக்கிறது. பி.டி. ரகம் என்ன விலை, டி.சி.எச். ரகம் என்ன விலை என்று நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். இந்தியாவிலேயே மிக நீண்ட இழை கொண்ட பருத்தி ரகங்களில் ஒன்றான சுவின், 1974இல் வெளியிடப்பட்டு, ஆத்தூர் பக்கத்து வயல்களில் விளைந்தது. அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டியில் பட்டும் பருத்தியும் நெய்கிறார்கள். ஜலகண்டாபுரம், எடப்பாடி, தாரமங்கலம், வனவாசி, இளம்பிள்ளை என்று எந்தப் பக்கம் போனாலும் தறிதான். கைத்தறித் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க 1960இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம்கூட நம் ஊரில்தான் இருக்கிறது.

லண்டனில் சட்டை வாங்குகிறவருக்கு அதை நெய்தவர் யாரென்று தெரிய வழியில்லை. நமக்கு டவுன் பஸ் தூரம். போய்ப் பார்க்கலாம், கேட்கலாம். அந்த வசதி இருந்தும் நாம் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்று தண்ணீர். ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாக ஏறக்குறைய 10,000 லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மழைநீரும் அதில் அடக்கம். குடிதண்ணீருக்கு மேட்டூரை நம்பியிருக்கும் ஊர்க்காரர்கள் நாம். நாலு முறை உடுத்திவிட்டு ஒரு துணியை மூட்டை கட்டும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வர வேண்டும்.

சாயப்பட்டறைப் பிரச்சினைக்கும் நான் வாங்கும் சேலைக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வாங்குகிறவர்கள் யாரும் இதை யோசிப்பதில்லை.

பருத்தி நூலுக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான் போடுகிறார்கள். சாயம் நூலில் ஏற உப்பு போட வேண்டும். ஏறிய சாயம் பிடித்துக்கொள்ள சோடா போட வேண்டும். போட்ட சாயம் முழுவதும் நூலில் நிற்காது. ஒரு பகுதி அலசுகிற தண்ணீரோடு போய்விடும். உப்போ ஏறக்குறைய முழுவதுமே தண்ணீரில்தான் இருக்கும். தண்ணீரின் நிறத்தை எடுத்துவிடுவது ஓரளவு எளிது. கரைந்த உப்பை எடுப்பதுதான் கடினம். ஆர்.ஓ. எந்திரத்தில் வடிகட்டி, மிஞ்சும் கெட்டி உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, உப்பைத் தனியே எடுக்க வேண்டும். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை என்று இதைச் சொல்கிறார்கள். எந்திரத்துக்கும் மின்சாரத்துக்கும் நிறையச் செலவாகும். அந்தச் செலவைத் தவிர்க்க நினைப்பவர்கள் ராத்திரியில் சாக்கடையில் திறந்து விடுகிறார்கள். அப்படிச் சாயம் போட்ட நூல் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. மலிவான நூலில் மலிவான சேலை வருகிறது. அதை நாம் வாங்குகிறோம்.

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறக்கிறது. நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் சேர்கிறது. மலையிலிருந்து இறங்கும்போது தெளிந்த தண்ணீராக இருப்பது, ஊரைத் தாண்டும்போது சாக்கடையும் சாயமும் கலந்து, மழைக்காலத்தில் நுரை பொங்க ஓடுவதை எத்தனையோ ஆண்டுகளாகப் பார்க்கிறோம். கீழே உள்ள விவசாயிகள் அந்தத் தண்ணீரை வைத்துத்தான் வெள்ளாமை செய்ய வேண்டும். உப்பு ஏறிய மண்ணை மீட்பது ஒரு தலைமுறை வேலை. திருப்பூரில் நொய்யல் ஆறு இப்படிக் கெட்டு, ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாக மாறி, கடைசியில் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. அந்த அளவுக்குப் போனால் தொழிலாளிக்கும் வேலை போகும், விவசாயிக்கும் நிலம் போகும்.

வாங்குகிறவர் செய்யக்கூடியது என்ன என்றால், முதலில் நிறத்தைப் பாருங்கள். அடர் கருப்பு, கருநீலம், அடர் சிவப்பு போன்றவற்றுக்குச் சாயமும் உப்பும் அதிகம் வேண்டும். வெளிர் நிறங்களுக்குக் குறைவு. சாயமே போடாத கோரா நிறத்துக்குச் சாயமும் வேண்டாம், சாய உப்பும் வேண்டாம். எல்லாவற்றையும் வெள்ளையாக வாங்கச் சொல்லவில்லை. அடர் நிறச் சேலை எடுத்தால் அது பத்து வருஷம் உடுத்துகிற சேலையாக இருக்கட்டும்.

அடுத்து, சாயம் போகிறதா என்று பாருங்கள். ஈரக் கைக்குட்டையை ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்தால் தெரியும். நூலில் பிடிக்காத சாயத்தைப் பட்டறையிலேயே சூடான சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி எடுத்துவிட வேண்டும். அந்த வேலையில் மிச்சம் பிடித்தால், மிச்ச அலசல் உங்கள் வீட்டு வாளியில் நடக்கும். நல்ல பட்டறையில் சாயம் ஏற்றிய துணி முதல் தண்ணீரில் லேசாக விடலாம், ஆனால் மூன்றாவது நான்காவது துவையலிலும் வாளி முழுக்க நிறம் மாறினால் வேலை சரியில்லை என்று அர்த்தம்.

சாயம் உடம்புக்குக் கெடுதலா?

எல்லாச் சாயமும் அல்ல. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமின்களாக உடைகிற சில அசோ சாயங்களை ஜெர்மனி 1990களில் தடை செய்தது. இந்தியாவும் 1997இல் தடை விதித்தது. ஏற்றுமதித் துணிக்கு இந்தச் சோதனை கடுமையாக நடக்கும், உள்ளூர்ச் சந்தைத் துணிக்கு அந்த அளவு நடப்பதில்லை. கைக்குழந்தைக்குத் துணி எடுக்கும்போது வெளிர் நிறமாக எடுங்கள், இரண்டு தரம் துவைத்துவிட்டுப் போடுங்கள். பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைக்குப் போட்ட நம் பாட்டிகள் செய்தது சரியான காரியம். பலமுறை துவைத்த துணியில் உதிரக்கூடியது எதுவும் மிஞ்சியிருக்காது.

இயற்கைச் சாயம் என்று விற்கிறார்களே, நம்பலாமா?

அவுரி, மஞ்சிட்டி, கடுக்காய், மாதுளைத் தோல் எல்லாம் உண்மையான சாயங்கள்தான். திண்டிவனம் பக்கம் அவுரி இன்றும் விளைகிறது. கேட்க வேண்டியது ஒன்று: நிறம் பிடிக்க என்ன உப்பு போட்டார்கள்? படிகாரம் என்றால் சரி. குரோமியம், செம்பு உப்புகள் என்றால் இயற்கை என்ற பேச்சுக்கே பொருளில்லை. இன்னொன்று, கண்ணைப் பறிக்கும் பச்சையும் ரோஜா நிறமும் இயற்கைச் சாயத்தில் வருவது அரிது.

கைத்தறியா விசைத்தறியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. சிலவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

துணியின் ஓரத்தைப் பாருங்கள். நாடா, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஓடம், ஓடும் தறியில் ஊடை என்கிற அந்தக் குறுக்கு நூல் ஓரம் வரை போய் மடங்கித் திரும்பும், ஓரம் மூடியிருக்கும். ரேப்பியர், ஏர்ஜெட் போன்ற நாடா இல்லாத தறிகளில் ஒவ்வொரு ஊடையும் ஓரத்தில் வெட்டுப்படும். அங்கே நூல் முனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது உள்ளே மடித்துச் செருகியிருப்பார்கள். அப்படி இருந்தால் அது கைத்தறி இல்லை, பேச்சே வேண்டாம். ஆனால் ஓரம் மூடியிருப்பதால் மட்டும் கைத்தறி ஆகிவிடாது. பழைய விசைத்தறியிலும் நாடாதான் ஓடுகிறது.

துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கைத்தறியில் ஒவ்வொரு ஊடைக்கும் கையால் அச்சை, அதாவது ஊடையை நெருக்கும் சீப்பு போன்ற சட்டத்தை, அடிக்கிறார்கள். காலையில் அடிக்கும் அடியும் மாலையில் களைத்துப்போய் அடிக்கும் அடியும் ஒன்றாக இருக்காது. அதனால் அடர்த்தி இம்மி அளவு கூடிக் குறையும். எந்திரத்தில் முதல் கஜமும் கடைசிக் கஜமும் ஒரே மாதிரி இருக்கும்.

பட்டுச் சேலையில் கோர்வையைப் பாருங்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில், ஊடையும் தனித்தனியாக, சேரும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று கோத்துப் பல் பல்லாக இணைந்திருந்தால், மூன்று நாடா போட்டு நெய்தது. பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் உட்கார்ந்து நாடா வீச வேண்டிய வேலை அது. எந்திரத்தில் அதைக் கொண்டுவருவது சிரமம்.

இதையெல்லாம் பார்க்கத் தெரியாதவர்களுக்கு எளிய வழி, வாங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது. கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனையகங்கள் இருக்கின்றன. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. கதர் வேண்டுமென்றால் சர்வோதய சங்கக் கடைகள் இருக்கின்றன. தனியார் கடையில் வாங்கினால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த ஊர்த் தறி என்றும் கேளுங்கள். உண்மையான கைத்தறி வியாபாரி ஊர் பெயரைச் சொல்லத் தயங்க மாட்டார். பல பேர் சந்தோஷமாக உட்கார வைத்துக் கதையே சொல்வார்கள்.

அப்படியானால் விசைத்தறித் துணி வாங்குவது தப்பா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எடப்பாடியிலும் ஜலகண்டாபுரத்திலும் வீட்டுக்குள்ளேயே இரண்டு தறி, நான்கு தறி போட்டுக்கொண்டு, தூங்கும் இடத்துக்கும் தறிக்கும் நடுவே ஒரு சுவர்கூட இல்லாமல் வாழும் குடும்பங்கள் ஏராளம். அவர்களும் நெசவாளர்கள்தான். தமிழ்நாடு அரசு 2023இல் இலவச மின்சாரத்தை உயர்த்தியபோது, இரண்டு மாதத்துக்குக் கைத்தறிக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் என்று இரு தரப்புக்கும் சேர்த்தே கொடுத்தது. அந்த உதவி இல்லாமல் ஓட்ட முடியாத நிலையில்தான் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

தப்பு எதுவென்றால் விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்பது. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி 11 வகைத் துணிகள், குறிப்பிட்ட வடிவங்களில், கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்டவை. சில வகைச் சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் எல்லாம் அதில் வரும். அவற்றை எந்திரத்தில் நெய்து பாதி விலைக்கு விற்கும்போது, அதே தெருவில் குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரின் அடுத்த பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீள நூல், நின்றுபோகிறது.

விசைத்தறிக் கூலிக்காரர்களைப் பற்றியும் கேட்க வேண்டும். ஒரு நாளில் பாதியைச் சத்தத்திலும் பஞ்சுத் தூசியிலும் நின்று கழிக்கிறார்கள். முன்பணம் வாங்கிவிட்டு அது தீரும் வரை அதே பட்டறையை விட்டு நகர முடியாத நிலை நம் பக்கத்து மாவட்டங்கள் வரை இருக்கிறது. இளம்பிள்ளைச் சேலை முன்னூறு ரூபாய்க்கு வாட்ஸ்அப் குழுவில் வரும்போது, நூல் விலை, தறி ஓட்டியவர் கூலி, கட்டிங், பேக்கிங், அனுப்பும் செலவு, நடுவில் மறுவிற்பனை செய்யும் அக்காவின் லாபம் எல்லாம் அந்த முன்னூறுக்குள் அடங்க வேண்டும். எந்த இடத்தில் குறைத்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நூலை விற்பவரும் கூரியர்காரரும் குறைத்துக்கொள்ள மாட்டார்கள்.

கைத்தறிச் சேலை ஏன் இவ்வளவு விலை?

நெய்வது கடைசி வேலை. அதற்கு முன்னால் நூல் சிட்டாவாக, அதாவது நூல் கட்டாக வரும். சாயம் போட வேண்டும், காயவைத்துக் கண்டு சுற்ற வேண்டும், பாவு ஓட்ட வேண்டும், பருத்தி என்றால் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போட வேண்டும், பழைய பாவோடு இழை இழையாகப் பிணைக்க வேண்டும், ஊடைக்குத் தார் (நாடாவுக்குள் வைக்கும் சிறு நூல் சுருள்) சுற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் நெசவாளி குழிக்குள் காலை விட்டு உட்காருகிறார். சாதாரணப் பருத்திச் சேலைக்கு ஓரிரு நாள் ஆகலாம். வேலைப்பாடுள்ள பட்டுக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கூலி சேலைக் கணக்கில் வருகிறது, ஒரே ஆள் பெயரில் வருகிறது. தார் சுற்றுவது மனைவி, பாவு பிணைக்க உதவுவது அம்மா, நாடா வீசத் துணை உட்காருவது மகள். இவர்களுக்குத் தனிக் கூலி கிடையாது. நான்கு பேர் உழைப்புக்கு ஒரு கூலி. மழைக் காலத்தில் குழியில் ஈரம் ஊறித் தறி நின்றுவிடும், தெருவில் கஞ்சி போட முடியாது. அந்த நாட்களுக்கு வருமானமே இல்லை. நெசவாளி வீட்டுப் பிள்ளைகள் தறியில் உட்கார மறுப்பதற்குக் காரணம் சோம்பல் என்று பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். இந்தக் கூலிக்கு யார் உட்காருவார்கள்?

பேரம் பேசலாமா? தள்ளுபடியில் வாங்கலாமா?

நெசவாளியிடமே நேரில் வாங்கும்போது பேரம் வேண்டாம். கடையில் பேசிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு கோ-ஆப்டெக்ஸ் தரும் 30 சதவீதத் தள்ளுபடியைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். அது தேங்கிய சரக்கு விற்று அடுத்த பாவு ஓடுவதற்காக அரசு ஆதரவோடு தருவது, நெய்தவர் கூலியில் பிடிப்பது இல்லை. ஆடித் தள்ளுபடியில் மட்டும் கவனம். விலையை ஏற்றி ஒட்டிவிட்டுக் குறைப்பதும் நடக்கிறது. தேவையான துணி என்னவென்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு போனால் பை நிறைந்து திரும்ப மாட்டீர்கள்.

கல்யாணத்துக்கு சேலம் வெண்பட்டு வேட்டி வாங்க வேண்டும். எதைப் பார்ப்பது?

சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பட்டு உண்மையானதுதானா என்பதற்கு 2004 முதல் மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் சீட்டு இருக்கிறது. பட்டுதானா என்பதை மட்டும் அது சொல்லும், கைத்தறியா என்பதைச் சொல்லாது. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் ஓரத்து நூல் ஒன்றை உருவி நெருப்பில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி பொசுங்கும் வாடை வரும், சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். பாலியஸ்டர் உருகி உருண்டையாக இறுகும். பருத்தியும் ரேயானும் காகிதம் போல எரியும்.

பட்டுப்புழுவைக் கொல்வது உறுத்துகிறது என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான உறுத்தல். தருமபுரி சந்தைக்கு வரும் கூடுகள் எல்லாம் உள்ளே இருக்கும் புழு பூச்சியாகி வெளியேறும் முன் சூட்டில் வைக்கப்படுபவைதான், இல்லாவிட்டால் இழை அறுந்துவிடும். பூச்சி வெளியேறிய கூட்டில் நூல் எடுக்கும் அகிம்சைப் பட்டு இருக்கிறது. ஐதராபாத்தின் குசுமா ராஜையா அதற்குப் பெயர் பெற்றவர். இழை அறுந்திருப்பதால் பஞ்சு போல நூற்க வேண்டும், மினுமினுப்புக் குறைவு, விலை அதிகம். மனம் ஒப்பவில்லை என்றால் அதை எடுங்கள், அல்லது நைஸ் பருத்தி வேட்டியிலேயே தாலி கட்டுங்கள். ஒரு குறையும் வராது.

199 ரூபாய் டி-சர்ட் வாங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்தது. 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் ஆயத்த ஆடை தைத்த பெண்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மலிவு விலை என்பது அங்கே போய்த்தான் முடிந்தது.

நம் பக்கமும் நினைவிருக்க வேண்டும். மேற்கு மாவட்டத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளை மூன்று வருஷம் விடுதியில் தங்க வைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் தருவதாகச் சொல்லி வேலை வாங்கினார்கள். பாதியில் உடம்பு சரியில்லாமல் திரும்பியவர்களுக்குப் பணம் கிடைக்காத கதைகள் நிறைய. அந்தப் பிள்ளைகளில் நம் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

கையில் காசு குறைவாக இருப்பவர் 199 ரூபாய் சட்டை வாங்குவதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. வருஷத்துக்கு நாற்பது சட்டை வாங்குகிறவரிடம்தான் பேச வேண்டும். கணக்கும் பாருங்கள்: 300 ரூபாய் சட்டை பத்துத் துவையலில் தொங்கிப்போனால் ஒரு தரம் போட 30 ரூபாய். 1,200 ரூபாய் சட்டையை நூறு தரம் போட்டால் 12 ரூபாய்.

எந்த முத்திரையை நம்பலாம்?

ஆர்கானிக் பருத்திக்கு ஜி.ஓ.டி.எஸ். என்கிற உலகளாவிய ஆர்கானிக் துணித் தரச் சான்று நல்லது. குறைந்தது 70 சதவீதம் ஆர்கானிக் இழை இருக்க வேண்டும், சாயத்துக்கும் தொழிலாளர் நிலைமைக்கும் அதில் விதிகள் உண்டு, சான்று எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம். கைத்தறி முத்திரை 2006இல் வந்தது. ‘ஈகோ ஃப்ரெண்ட்லி’, ‘கான்ஷியஸ்’, ‘கிரீன்’ என்று வெறுமனே அச்சிட்டிருந்தால் அதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். மூங்கில் துணி என்று விற்பதும் பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழுத்த ரேயான்தான்.

வீட்டில் நிறைய பாலியஸ்டர் இருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் பருத்தி வாங்கட்டுமா?

வேண்டவே வேண்டாம். இருப்பதைக் கிழியும் வரை உடுத்துங்கள். உலகில் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கு மேல் பாலியஸ்டர்தான், மட்காது, துவைக்கும்போது நுண்ணிழைகள் உதிர்ந்து தண்ணீரில் கலக்கும். ஆனால் உழைக்கும். அந்த ஒரு நல்ல குணத்தைப் பயன்படுத்தாமல் குப்பைக்கு அனுப்பினால் இரட்டைக் கேடு. இனி வாங்கும்போது பருத்தி வாங்குங்கள். சேலத்துச் சித்திரை வெயிலுக்கு அதுதான் உடம்புக்கும் இதம்.

பழைய துணிகளை ஏற்காடு மலைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் இப்போது நடக்கிற மாதிரி அல்ல. விடுமுறைக்கு மேலே போகும் வண்டியில் இரண்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு, ஏதோ ஒரு ஊர் முனையில் இறக்கிவிட்டு, படமும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதில் பட்டன் இல்லாத சட்டையும், ஜிப் போன பேண்டும், ஜிகினா உதிரும் பார்ட்டி ஃபிராக்கும் இருக்கும். அதை எரிப்பதும் புதைப்பதும் அந்த ஊர்க்காரர் தலையில் விழுகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் யாரும் எடுக்காத பழந்துணிக் குவியல்கள் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் காப்பித் தோட்ட வேலைக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்கள். 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் என்று ஒரு ராத்திரி தங்கியவர்களுக்குத் தெரியும். அங்கே தேவைப்படுவது கம்பளி, ஸ்வெட்டர், முழுக்கைச் சட்டை, மழைக்கோட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை. முதலில் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ என்ன வேண்டும் என்று கேளுங்கள். துவைத்து, பட்டன் தைத்து, அளவு வாரியாக மடித்து எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் தம்பிக்குக் கொடுக்கக் கூச்சப்படும் துணியை அங்கே கொடுக்காதீர்கள்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுத்துணி எடுக்கக் கூடாதா?

தாராளமாக எடுங்கள். தறிக்காரர்களுக்கு வருஷத்தில் பிழைப்பு தரும் மாதங்களே அவைதான். நாலு எடுக்கும் இடத்தில் ஒன்றை நல்லதாக எடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. வளரும் பிள்ளைகளுக்கு டைலரிடம் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், பாவாடைக்கு இரண்டு மடிப்பு வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷமும் ஓடும். பெரியவர்கள் ரவிக்கைக்கும் அதேதான். ஒரே நாள் உடுத்தும் கல்யாண லெஹங்காவை வாடகைக்கு எடுப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

உடுத்த முடியாத அளவு பழசான துணியை என்ன செய்வது?

சாயம் போன பருத்திதான் வீட்டில் அதிகம் உதவும். கைப்பிடித் துணி, துடைக்கும் துணி, தலையணை உறை, பழஞ்சேலையில் தைத்த மெத்தை விரிப்பு. மிச்சத்தைப் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரிடம் போடுங்கள். அவரிடமிருந்து அது தரம் பிரிக்கும் இடத்துக்குப் போகிறது. உடுத்தக்கூடியது வாரச் சந்தைக்கும், பருத்தி கிழிசல் ஒர்க்ஷாப்களுக்கு வேஸ்ட்டாகவும், கம்பளி வகை பானிபட்டுக்கு மறுநூலாகவும் போய்ச் சேரும். ஆனால் உலகம் முழுக்கப் பார்த்தால் பழைய துணி மறுபடி புதுத்துணியாக மாறுவது 1 சதவீதத்துக்கும் குறைவு. கலப்பு இழையைப் பிரிக்க முடியாததுதான் பெரிய காரணம். ரீசைக்கிள் ஆகிவிடும் என்ற நம்பிக்கையில் புதிதாக வாங்கிக் குவிக்க வேண்டாம்.

பழைய பட்டுச் சேலையை மட்டும் வாசலில் வரும் ஆளிடம் அவசரப்பட்டுப் போடாதீர்கள். அந்தக் காலத்துச் சரிகையில் வெள்ளி உண்டு, அதற்காகத்தான் வாங்குகிறார்கள். முதலில் நகைக்கடையில் ஒரு இணுக்குச் சரிகையைக் காட்டி என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உடல் நைந்து கரை நன்றாக இருந்தால், கரையை மட்டும் பிரித்துப் புதுப் பருத்தித் துணியில் வைத்துத் தைத்துத் தரச் சொல்லலாம். நல்ல கைவேலை தெரிந்த டைலர் ஒரு நாளில் முடித்துவிடுவார்.